கொரிந்தியர் என்பவர்கள் யார்? கப்பலைத் தரைவழியே இழுத்தது உண்மையா?

கீழவாசல் புக்கிங் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை கீழவாசல் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சரித்திரம் படித்தவன் இல்லை. தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் லோடுமேன் மேஸ்திரி மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம். பாதிரியார் கொரிந்தியருக்கு எழுதின நிருபத்திலிருந்து அன்பைப் பற்றிய அதிகாரத்தை வாசித்தார். இதுவரை பத்துப் பன்னிரண்டு சர்ச் கல்யாணத்துக்குப் போயிருப்பேன், பெரும்பாலும் இதே வாசிப்புதான். "யார்டா இந்தக் கொரிந்தியர், ஊர்ப் பேரா, ஆள் பேரா?" என்று மகளிடம் காதோரம் கேட்டேன். அவள் குரூப் தேர்வுக்குப் படிக்கிறவள். பிரியாணிப் பந்திக்கு நிற்கும்போது போனை நீட்டினாள். இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டின பாறை, நடுவில் கோடு போட்ட மாதிரித் தண்ணீர், அதில் ஒரு கப்பல் உரசாமல் போய்க்கொண்டிருக்கிறது. "இதுதாம்ப்பா கொரிந்து, கிரீஸ் நாட்டில். கால்வாய் வெட்டினது 1893ல்தான். அதுக்கு முன்னாடி ரெண்டாயிரம் வருஷமா கப்பலைத் தரையில் இழுத்துட்டுப் போனாங்களாம்" என்றாள்.

எனக்கு அது செரிக்கவில்லை. இரண்டு மாதம் முன்னால் கொட்டாம்பட்டி தாண்டி எங்கள் வண்டி ஒன்று ஆக்சில் முறிந்து நின்றது. உள்ளே 16 டன் பருப்பு மூட்டை. என்ன செய்தோம்? இன்னொரு வண்டியை அனுப்பி லோடு மாற்றினோம். லோடோடு சேர்த்து லாரியைத் திருச்சி வரை இழுப்போம் என்று எந்த மடையனும் சொல்ல மாட்டான். இறக்கி ஏற்றினால் கூலி மட்டும்தான் செலவு. இழுத்தால் கப்பலின் எடையும் நம் தலையில் அல்லவா விழும்?

ஆக, இழுத்தது உண்மையா? நிருபத்தில் வருகிற கொரிந்தியரும் அந்தப் பழைய ஆட்களும் ஒன்றா? அப்புறம் மகளுடைய புத்தகத்தில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டா, ஸ்பார்ட்டா ஏதென்ஸ் என்றே வருகிறது. இந்த ஊருக்கு அதில் ஏன் இடமே இல்லை?

பாலமேடு பையன்:

அண்ணே, உண்மைதான். கல் பாதையில் பள்ளம் வெட்டி, அதில் சக்கரம் ஓட விட்டு, தினமும் கப்பல் கப்பலாக இழுத்திருக்கிறார்கள். உலகத்தின் முதல் ரயில் பாதை அதுதான் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பாதைக்குப் பெயர் தியோல்கோஸ்.

மேலூர் வாத்தியார்:

பாலமேட்டுத் தம்பி மேல் குற்றமில்லை. 31 வருஷம் வகுப்பில் நானும் அதையேதான் சொன்னேன். கரும்பலகையில் ஒரு கப்பல், அதற்கு முன்னால் பத்து மாடு. பிள்ளைகளுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் மாட்டை அழிக்க வேண்டியதாயிற்று.

புக்கிங்காரரே, உங்கள் சந்தேகம் சரியானது. பாதை இருந்தது, அதில் சந்தேகமில்லை. 1956 முதல் 1962 வரை வெர்டெலிஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் அதைத் தோண்டி வெளியே கொண்டுவந்தார். சுண்ணாம்புக்கல் பாவிய தளம், அகலம் மூன்றரை மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரை. வண்டிச் சக்கரத்துக்கான பள்ளக் கோடுகள் இரண்டு, ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் இடைவெளியில் ஓடுகின்றன. கி.மு. 600ஐ ஒட்டிப் போட்டது என்பது பொதுவான கணிப்பு. ஆனால் கப்பலையே இழுத்ததாகப் பழைய நூல்களில் வருகிற இடங்களைத் திரட்டினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனையும் போர்க்கால அவசரம். கி.மு. 412ல் ஸ்பார்ட்டா கூட்டணி போர்க்கப்பல்களைக் கடத்தியது, 217ல் மாசிடோனிய அரசன் ஐந்தாம் பிலிப், 30ல் பின்னாளில் அகஸ்டஸ் சீசரான ரோமானிய ஆக்டேவியன், இப்படி. தினமும் நடக்கிற காரியமாக இருந்திருந்தால் அதை யார் மெனக்கெட்டு எழுதி வைக்கப் போகிறார்கள்? அந்தக் காலத்துப் போர்க்கப்பல் 35 மீட்டருக்கு மேல் நீளம், ஆளில்லாமல் வெறும் மரம் மட்டும் சுமார் 25 டன். சரக்குக் கப்பலின் கதை நீங்கள் சொன்னதுதான்: இந்தக் கரையில் இறக்கு, வண்டியில் ஏற்று, அந்தக் கரையில் வேறு கப்பலில் போடு. கட்டடக் கல், ஓடு, மரம் மாதிரி கனத்த சாமான்களுக்குத்தான் அந்தக் கல் பாதை என்று இன்று பலரும் நினைக்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். கிரேக்க நாட்டின் தென்பாதி, பெலோபொனீஸ், ஏறக்குறைய ஒரு தீவு. வடபாதியோடு அதை ஒட்டி வைத்திருப்பது ஆறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கழுத்து. அந்தக் கழுத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது கொரிந்து. ஒத்தக்கடையில் நின்றால் யானைமலை தலைக்கு மேல் நிற்கிறதல்லவா, அப்படி ஊருக்குப் பின்னால் 575 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறைமலை, அக்ரோகொரிந்து. மேற்குக் கடலுக்கு லெக்கேயோன் துறைமுகம், கிழக்குக் கடலுக்குக் கெங்கிரேயா. கழுத்தைக் கடக்காமல் கடலிலேயே சுற்றிப் போனால் தெற்கு முனையில் மாலேயா. அங்கே காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. "மாலேயாவைச் சுற்றப் போகிறாயா, வீட்டை மறந்துவிடு" என்று மாலுமிகளிடம் பழமொழியே இருந்ததாகப் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். தெற்கிலிருந்து வடக்கே தரைவழி போகிறவனும் இந்த ஊரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இரண்டு கடலும் இரண்டு நிலமும் கூடுகிற நாற்சந்தி. வயல் அவர்களுக்கு அதிகம் கிடையாது. பெரியாண்டர் என்ற அவர்களுடைய அதிபதி, சந்தை வரியும் துறைமுக வரியும் போதும் என்று வேறு வரியே போடவில்லை என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. டோல்கேட் வருமானத்தில் ஓடிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியாண்டரின் அப்பன் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஊரை ஆண்டது பாக்கியாட் என்ற ஒரே குலம், பெண் கொடுப்பதும் எடுப்பதும் தங்களுக்குள்ளேயேதான். அந்தக் குலத்தில் லாப்தா என்றொரு பெண்ணுக்குக் கால் ஊனம். குலத்தில் யாரும் கட்டவில்லை, வெளி ஆளுக்குக் கொடுத்தார்கள். அவளுக்குப் பிறக்கிற பிள்ளை ஆள்கிறவர்கள் மேல் பாறையாக உருளும் என்று குறி வந்தது. பத்துப் பேர் வீடு தேடி வந்தார்கள், குழந்தையைத் தரையில் அடித்துக் கொல்ல. அப்பாவின் சொந்தக்காரர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவளே பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுத்தாள். வாங்கினவனைப் பார்த்து அது சிரித்தது. அவனுக்குக் கை வரவில்லை, அடுத்தவனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம். பத்துக் கையும் மாறி, பிள்ளை தாயிடமே திரும்பி வந்தது. வாசலில் நின்று ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டதை அவள் கேட்டுவிட்டாள். அவர்கள் மறுபடி உள்ளே வருவதற்குள் ஒரு பெட்டியில் பிள்ளையை ஒளித்துவிட்டாள். தானியம் கொட்டி வைக்கிற கலத்துக்கும் கிரேக்கத்தில் அதே பெயர், கிப்செலே. நம் ஊர்க் கணக்கில் குதிர். குதிரிலிருந்து பிழைத்தவன் கிப்செலஸ். கி.மு. 657 வாக்கில் அந்தக் குலத்தையே ஊரை விட்டுத் துரத்தி, 30 வருஷம் ஆண்டான். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிற கதை இது. பெட்டி உண்மையோ பொய்யோ, மகனும் அப்பனும் ஆண்ட காலம்தான் கொரிந்தின் பொற்காலம். கையகல வாசனை எண்ணெய்க் குப்பிகளைச் சுட்டு, கறுப்பு உருவம் எழுதி, மத்தியதரைக் கடல் முழுக்க விற்றார்கள். மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பலைக் கிரேக்க நாட்டில் முதலில் கட்டியதும் இவர்கள்தான் என்கிறார் ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ். ஏதென்ஸ் அப்போது அந்தப் பக்கத்து ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான்.

இனி உங்கள் மகளின் புத்தகத்துக்கு வருகிறேன். கி.மு. 431 முதல் 404 வரை நடந்த போரை ஏதென்ஸ், ஸ்பார்ட்டா போர் என்று மனப்பாடம் செய்கிறோம். அது தொடங்கிய இடம் கொரிந்தின் வீட்டுச் சண்டை. கி.மு. 733 வாக்கிலேயே கொரிந்திலிருந்து ஆட்கள் போய் சிசிலியில் சிராகூஸையும், வடமேற்கே கொர்கைரா தீவையும் குடியேற்றினார்கள். (கொர்கைரா என்ற பெயரைப் பார்த்ததும் நம் கொற்கையோடு முடிச்சுப் போட்டு யாரும் வீடியோ எடுத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.) சிராகூஸ் தாய் ஊரோடு கடைசிவரை ஒட்டுதலாக இருந்தது. கொர்கைரா அப்படியில்லை. பணம் சேர்ந்தது, கப்பல் சேர்ந்தது, தாய் ஊரை மதிக்கவில்லை. துசிடிடிஸ் அந்தக் குறையைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: பொதுத் திருவிழாக்களில் கொரிந்துக்காரர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கவில்லை, பலி கொடுக்கும்போது முதல் பங்கை அவர்களுக்குத் தரவில்லை.

முதல் மரியாதை! இதை மேலூரில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பரிவட்டம் யார் தலையில் முதலில் என்று ஆரம்பித்துத் திருவிழாவே நின்ற ஊர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கி.மு. 435ல் எபிடாம்னஸ் என்ற சின்ன ஊரில் உள்ளூர்த் தகராறு. அது கொர்கைரா குடியேற்றிய ஊர். கொர்கைரா உதவ மறுத்தது, கொரிந்து "நான் வருகிறேன்" என்று போனது, தாயும் மகளும் கடலில் மோதின. தாய் தோற்றது. அந்த அவமானத்தில் இரண்டு வருஷம் வேறு வேலை இல்லாமல் கப்பல் கட்டி, 433ல் 150 கப்பலோடு திரும்பி வந்தது. இந்த முறை கொர்கைராவுக்குத் துணையாக ஏதென்ஸின் கப்பல்கள் நின்றன. அங்கே விழுந்தது முடிச்சு. 432ல் கொரிந்துத் தூதர்கள் ஸ்பார்ட்டாவுக்குப் போய், "நீங்கள் இப்படியே சும்மா உட்கார்ந்திருந்தால் நாங்கள் வேறு கூட்டாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்" என்ற பொருளில் பேசி ஏற்றிவிட்டார்கள். 27 வருஷப் போர். ஏதென்ஸ் பெருகியதைக் கண்டு ஸ்பார்ட்டா பயந்ததுதான் அடிப்படை என்று துசிடிடிஸே சொல்வார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு நெருப்பு வைத்தது கொரிந்தின் ரோஷம். முடிவில் ஏதென்ஸ் விழுந்தபோது "ஊரையே அழித்துவிடு" என்று கேட்டவர்களில் முதல் ஆள் கொரிந்து, ஸ்பார்ட்டாதான் மறுத்தது. பத்து வருஷம்கூட ஆகவில்லை, 395ல் இதே கொரிந்து ஏதென்ஸோடு சேர்ந்து ஸ்பார்ட்டாவை எதிர்த்தது. நாற்சந்தியில் கடை வைத்திருப்பவன் யாரையும் தனி ராஜாவாக விட மாட்டான். இவர்களுக்கென்று துசிடிடிஸ் மாதிரி ஒருவர் பிறக்கவில்லை, புத்தகத்தில் இடம் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். நமக்குத் தெரிகிற கொரிந்து பெரும்பாலும் ஏதென்ஸ்காரன் எழுதிய கொரிந்து.

கடைசியாக நிருபம். கி.மு. 146ல் ரோமானியத் தளபதி மும்மியஸ் கொரிந்தை அழித்தான். ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக விற்று, ஊரைக் கொளுத்தினான். ரோமின் பழைய எதிரி நகரமான கார்த்தேஜ் அழிந்ததும் அதே வருஷம்தான். நூறு வருஷத்துக்கு ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. கி.மு. 44ல் ஜூலியஸ் சீசர் புதிதாக ஆட்களைக் குடியேற்றினார், பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகள். வந்தவர்கள் இடிபாட்டை அகற்றும்போது பழைய கல்லறைகளைத் தோண்டி, அதிலிருந்த வெண்கலக் கலங்களையும் சுட்ட மண் சிற்பங்களையும் ரோமில் விற்றுக் காசாக்கினார்கள். அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே போனது கி.பி. 50 வாக்கில். அவரை விசாரித்த அதிபதி கல்லியோன் பெயர் டெல்ஃபியில் ஒரு கல்வெட்டில் இருப்பதால் காலத்தைத் திடமாகச் சொல்ல முடிகிறது. ஆக, நீங்கள் கல்யாணத்தில் கேட்டது இந்தப் புதுக் குடிகளுக்கு எழுதிய கடிதம். பின்னால் வந்த பவுசானியாஸ் என்ற பயணி, பழைய கொரிந்தியர் ஒருவரும் இப்போது அங்கே வசிப்பதில்லை என்றே எழுதியிருக்கிறார்.

ஒன்று விட்டுப்போயிற்று. மும்மியஸ் கொள்ளையடித்த பழைய ஓவியங்களையும் சிலைகளையும் ரோமுக்குக் கப்பலேற்றும்போது போக்குவரத்துக்காரர்களை எச்சரித்தானாம்: "வழியில் எதையாவது தொலைத்தால், பதிலுக்குப் புதிதாக ஒன்று செய்து தர வேண்டும்." கலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்பதற்கு ரோமானியர்களே சொல்லிச் சிரித்த கதை. உங்கள் தொழில் என்பதால் சொன்னேன்.

திருமங்கலம் எஞ்சின்ரூம்:

வாத்தியார் ஐயா, அருமை. நான் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். கால்வாயை நேரில் பார்த்த ஆள் என்ற உரிமையில் இரண்டு வார்த்தை.

எங்கள் கப்பல் அதற்குள் போனதே கிடையாது. போகவும் முடியாது. அடியில் அகலம் 21 மீட்டர், ஆழம் 8 மீட்டர். எங்கள் கப்பலின் அகலமே 32 மீட்டர். இன்றைக்கும் பெரிய கப்பலெல்லாம் அந்த மாலேயா முனையைச் சுற்றித்தான் போகின்றன, வீட்டை மறந்துகொண்டு. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கப்பல் நின்றபோது ஒரு நாள் கரைக்கு விட்டார்கள், பஸ் பிடித்துப் போனேன். மேலே பாலத்தில் நின்று குனிந்தால் வயிற்றைக் கலக்கும். பாறைச் சுவர் சில இடத்தில் 80 மீட்டர் வரை.

எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய பாலம் இல்லை, மேற்கு முனையில் இருக்கிற சின்னப் பாலம். நம் பாம்பனில் கப்பல் வந்தால் பாலம் மேலே போகும். அங்கே பாலம் கீழே போகிறது! மணி அடிக்கிறார்கள், வண்டிகள் நிற்கின்றன, பாலம் அப்படியே தண்ணீருக்குள் முங்குகிறது. படகு அதன் தலைக்கு மேல் போகிறது. அப்புறம் சொட்டச் சொட்ட எழுந்து வருகிறது. சில நேரம் மேலே மீன் துள்ளிக்கொண்டிருக்குமாம், எனக்குக் காணக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில்தான் வாத்தியார் சொன்ன கல் பாதை. கால்வாயில் போகிற படகுகளின் அலை அடித்து அடித்து அந்தக் கரையோரக் கற்கள் நிறைய அரித்துப் போயிருந்தன. இரண்டாயிரம் வருஷம் தாங்கினதை நூறு வருஷ அலை கரைத்திருக்கிறது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று: ரோமச் சக்கரவர்த்தி நீரோவே கி.பி. 67ல் இந்தக் கால்வாயை வெட்ட ஆரம்பித்தான், தங்க மண்வெட்டியால் முதல் வெட்டு. யூதக் கைதிகள் 6,000 பேரை அதற்கு அனுப்பினார்கள். மறுவருஷம் அவன் செத்தான், வேலையும் நின்றது. அதே தடத்தில்தான் 1882ல் மறுபடி தொடங்கி 1893ல் முடித்தார்கள்.

கீழவாசல் புக்கிங்:

வாத்தியார் ஐயாவுக்கும் எஞ்சின்ரூம் அண்ணனுக்கும் நன்றி. ஆபீஸில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முதல் மரியாதை இடத்தில் டிரைவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். மேஸ்திரிக்கு மட்டும் குழந்தை பத்துக் கை மாறின கதைதான் பிடித்தது. இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மும்மியஸ் சங்கதிக்கு ஒரு பதில். எங்கள் எல்.ஆர். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: உடைசலுக்கும் கசிவுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. அந்த ஆள் கீழவாசலில் புக் பண்ணியிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி, மகள் கேட்கச் சொன்னாள். அந்த ஊருக்கும் நம் மதுரைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? யவனர் என்கிறார்களே.

மேலூர் வாத்தியார்:

நேரடித் தொடர்பு என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். நம் பாட்டுகளில் யவனர் என்றால் மேற்கேயிருந்து வந்த கிரேக்கர், ரோமானியர் எல்லோருக்குமான பொதுப் பெயர். அவர்களில் கொரிந்துக்காரன் இருந்தான் என்று காட்ட ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு ஆள் இரண்டையும் தொடுகிறார். மாலேயா பழமொழியைச் சொன்னாரே, அந்த ஸ்ட்ராபோ. சீசர் புதுப்பித்த கொரிந்துக்குச் சில வருஷத்திலேயே நேரில் போய், அக்ரோகொரிந்து உச்சி ஏறிக் கீழே பார்த்ததை எழுதியவர். அதே நூலின் 15ஆம் பகுதியில் இந்தியாவைப் பற்றி எழுதும்போது, பாண்டியன் என்ற அரசனிடமிருந்து அகஸ்டஸ் சீசருக்குப் பரிசுகளோடு தூது வந்தது என்கிறார். அந்த அரசன் போரஸ் என்று சொல்வாரும் உண்டு என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கொரிந்து 8ஆம் பகுதி, பாண்டியன் 15ஆம் பகுதி, எழுதின கை ஒன்று.

தேர்வில் இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அங்கே ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்று எழுதினால்தான் மார்க்.

பாலமேடு பையன்:

அந்த ரயில் பாதை வீடியோவுக்குக் கீழே போய்க் கமென்ட் போட்டுவிட்டு வந்தேன் ஐயா. உடனே என்னை பிளாக் பண்ணிவிட்டார்கள்.